காத்து அடிச்சா பாயசம்

முதல்ல சாப்பிடு மக்களே. கேள்வி எல்லாம் பொறவு. இலையை இடது கையால அமத்திப் பிடிச்சுக்கோ. இல்லேன்னா சோறு உன் மடியில கிடக்கும், இலை அடுத்த ஊருக்குப் போயிரும். ஆனி மாசம் இங்க எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுதாவ. ஒரு கை சோத்துக்கு, ஒரு கை இலைக்கு.

மேடம்னு கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லுத. சரி, எம் மகளைவிட நாலஞ்சு வயசு கூட இருப்ப, மக்களேன்னே கூப்பிடுதேன். மெட்ராஸ்ல இருந்து இம்புட்டு தூரம் வந்து, உலகம் பூரா கரண்ட் எப்படி மாறுது, நிலக்கரி குறைஞ்சு காத்தும் வெயிலும் எப்படிக் கூடுதுன்னு எழுதப்போற. “காத்தாடி வந்ததால உங்க வாழ்க்கையில என்ன மாற்றம்”னு என்கிட்ட கேக்க. நல்ல கேள்விதான். நேத்து பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டதுக்கு ரோடு வந்துச்சுன்னு சொன்னாங்களாமே. ரோடு வந்தது நெசந்தான். எனக்கு வந்தது வேற.

சிரிக்காத. நீ நெனக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரி.

என் பேரு தங்கபுஷ்பம். வெளியில போர்டுல புஷ்பம் மெஸ்னு போட்டிருக்கு பாத்தியா, அந்தப் புஷ்பம். எம் மக அபிஷாவுக்கு மூணு வயசா இருக்கும்போது என் வீட்டுக்காரரு மஞ்சக்காமாலையில போயிட்டாரு. அன்னையில இருந்து அடுப்பும் நானும்தான். கூட லில்லி. அந்தா, உள்ள மீன் பொரிச்சிக்கிட்டு ஒட்டுக் கேட்டுக்கிட்டு நிக்காளே, அவதான். வாயைத் தவிர மத்ததெல்லாம் நல்லவ.

நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எங்க ஊரு வெள்ளப்பொத்தைக்கு முதல் காத்தாடி வந்துச்சு. கம்பிக் கோபுரம் வச்ச குட்டிக் காத்தாடி. கடல் தாண்டிக் கப்பல்ல வந்த சாமான்னு சொன்னாவ. ஊரே போயி அண்ணாந்து பாத்துட்டு, கழுத்து வலியோட வந்தோம். ஒண்ணு பத்தாச்சு, பத்து பன்னெண்டாச்சு. பொறவு எல்லாம் கெழடு தட்டி, சுத்துனா கிறீச் கிறீச்னு அழும். நாலு வருஷம் முன்னால கம்பெனிக்காரங்க வந்து, இது எல்லாத்தையும் இறக்கிட்டு ஒரே ஒரு பெருசு நடப்போறோம், அந்த ஒண்ணு இந்தப் பன்னெண்டும் சேந்து குடுத்ததைவிடக் கூட குடுக்கும்னாவ. நல்லதுதான, நட்டுக்கோங்கன்னேன். எனக்கென்ன.

எனக்கென்னன்னு இருந்திருக்கணும். கிரேன் என் வீட்டு மூலையில வந்து மாட்டிக்கிட்டு.

அந்தக் கிரேனை நீ பாத்திருக்கணும். ஒரு வண்டியில வராது. துண்டு துண்டாப் பிரிச்சு, கல்யாண ஊர்வலம் மாதிரி லாரி மேல லாரியா வருது. முதல் லாரி என் மூலையில திரும்ப முடியாம நிக்கி. ஏன்னா மூலையில என் முருங்கைத் தோட்டம். சைட் எஞ்சினியர் பிரவீன் சாரு, கோயம்புத்தூர்க்காரரு, சின்ன வயசு, ஓடியாந்து, “அக்கா, ஓரத்துல நிக்கிற மரத்தை வெட்டணும்”னாரு. நான் சாம்பார் அகப்பையோட வெளிய வந்தேன். மரத்துக்கு முன்னால நின்னேன்.

“அக்கா, இது சுத்தமான மின்சாரம். புகை கிடையாது. உலகமே சூடாகிட்டு இருக்கு.”

“உலகம் சூடாவுதுன்னா என் முருங்கையை வெட்டுனா குளுந்துருமா?”

அவரு தொப்பியைக் கழத்தித் தலையைச் சொறியுதாரு. லாரிக்காரங்க எல்லாம் இறங்கி நிக்காவ. அப்பத்தான் பின்னால வண்டியில இருந்து ஒருத்தரு மெதுவா இறங்கி வந்தாரு. நல்ல உயரம். மீசை பாதி வெள்ளை. தலையில தொப்பி, தோள்ல துண்டு. வந்தவரு என்னைப் பாக்கல, எஞ்சினியரைப் பாக்கல. மரத்தைப் பாத்தாரு. ஒரு முருங்கைக்காயைத் தொட்டுப் பாத்துட்டு, “ஏம்மா, மரம் வெட்டுறதப் பத்தி அப்புறம் பேசுவோம். காலையில இருந்து யாரும் சாப்பிடல. இங்க சோறு எங்க கிடைக்கும்?”ன்னாரு.

என் கையில அகப்பை. என் தலைக்கு மேல மெஸ் போர்டு.

உள்ள வாங்கன்னேன். வேற என்ன சொல்ல? பசின்னு வந்த ஆளை ரோட்டுலயா நிறுத்த முடியும்?

அன்னைக்குத் தீயல் வச்சிருந்தேன். அவரு நெய்வேலிப் பக்கத்து ஆளு, தேங்காயைக் கருக வறுத்து அரைச்ச குழம்பை அதுக்கு முன்னால பாத்ததே இல்லியாம். முதல் வாய் வச்சாரு. கண்ணை மூடினாரு. மூடினவரு திறக்கல. நான் பயந்து போயி, “அண்ணாச்சி, காரமா?”ன்னு கேட்டேன். கண்ணைத் திறக்காம, “கொஞ்சம் பேசாம இரும்மா”ன்னாரு.

சாப்பிட்டு முடிச்சதும் நானே வெளிய வந்து, ஓரமா இருக்க ரெண்டு மரத்தை மட்டும் வெட்டிக்கோங்க, மத்ததுல கை வச்சா நடக்கிறது வேறன்னேன். ஒரு ஆளு சாப்பிட்ட அழகுல ரெண்டு மரம் போச்சுன்னு லில்லி இன்னைக்கும் சொல்லுதா. இல்ல மக்களே. நாட்டுக்காகக் குடுத்தேன். சுத்தமான மின்சாரம், புகை கிடையாது, உலகம் சூடாவுது, அதெல்லாம் யோசிச்சுத்தான் குடுத்தேன். நீ எழுதிக்கோ.

அவரு பேரு கலியபெருமாள். கிரேன் ஓட்டுதவரு. அந்தக் கூட்டம் பூரா அன்னையில இருந்து மூணு வேளையும் இங்கதான் சாப்பிட்டாவ.

பழைய காத்தாடி எல்லாத்தையும் மளமளன்னு இறக்கிட்டாவ. புதுசுக்கு அஸ்திவாரம் போட்டு, கோபுரத்தை அடுக்கி, உச்சியில கரண்ட் எடுக்கிற பெட்டியும் வச்சாச்சு. இறக்கை மூணையும் மாட்டுனா வேலை முடிஞ்சுது. அங்கதான் காத்து வந்து குறுக்க நின்னுச்சு. அந்த வருஷம் அது சொல்லாம கொள்ளாம முன்னாலயே வந்திருச்சு. இறக்கை இருக்கே, அது ஒரு தெரு நீளம். தூக்குற நேரத்துல காத்து வேகமா அடிச்சா பட்டம் மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிரும். அதனால காத்து ஒரு அளவுக்குக் கீழ இறங்கினாத்தான் தூக்கணும். கிரேன் உச்சியில காத்தளக்கிற கிண்ணம் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். காலையில அந்தக் கணக்கைப் பாப்பாங்க, உதட்டைப் பிதுக்குவாங்க, வந்து இட்லி சாப்பிடுவாங்க.

நெனச்சுப் பாரு, கூத்தை. இந்தக் கணவாயில இருக்க அத்தனை கம்பெனிக்கும் காத்து வேணும். கவர்மெண்டுக்குக் காத்து வேணும். காத்தாடி நடவந்த இவங்களுக்கு மட்டும் காத்து நிக்கணும். எனக்கு என்ன வேணும்னு கேளு. எனக்குக் காத்து அடிக்கணும். ஏன்? யாவாரம். கூட்டம் சாப்பிடுது. காத்து நின்னா வேலை முடியும், வேலை முடிஞ்சா போயிருவாவ. யாவாரம்தான் மக்களே, வேற ஒண்ணும் இல்ல.

காலையில அவரு வந்து உக்காந்ததும் நான் கேப்பேன், “அண்ணாச்சி, இன்னைக்குக் காத்து எப்படி?”

“இன்னைக்கும் ஆகாதும்மா.”

“ஐயய்யோ, பாவமே”ன்னு சொல்லிட்டு உள்ள போவேன்.

ஒரு நாள் லில்லி கரண்டியைக் கீழ வச்சுட்டுச் சொல்லுதா: “ஏ புஷ்பம், நான் கவனிச்சுட்டேன். காத்து அடிச்சா பாயசம் வைக்க. காத்து கொஞ்சம் குறைஞ்சா வெறும் ரசத்தோட நிறுத்திக்கிடுத.”

பொய்யி. பாயசம் வச்ச அன்னைக்கு எல்லாம் வீட்டுல வெல்லம் கூடுதலா இருந்துச்சு, அவ்வளவுதான். ஒரு வாரம் தொடர்ந்து அடைப்பிரதமன் பாயசமே வச்சேன், ஒத்துக்கிடுதேன். அந்த வாரம் காத்தும் சூறாவளி மாதிரி அடிச்சுது. கூரைத் தகரம் ஒண்ணு பறந்து போயி பிள்ளையார் கோயில் கிணத்துல விழுந்துச்சு. நான் அதுக்கும் கவலைப்படலன்னு ஊருல பேசிக்கிட்டாவ. தகரம் போனா வேற தகரம். அதுக்குப் போயி அழுவாங்களா?

அவரு அதிகம் பேசமாட்டாரு. பேசுனா வேலையைப் பத்திப் பேசுவாரு. பதினெட்டு வயசுல இருந்து கிரேன். அந்தக் காலத்துல எங்க கூப்பிட்டாலும் நிலக்கரி ஆலைதானாம். கொதிகலன் தூக்கணும், புகைபோக்கி கட்டணும். வடக்க, தெற்க, ஒரு தடவை கடல் தாண்டிக்கூட போயிருக்காரு. “இப்ப போன் வந்தாலே காத்தாடிம்மா. இல்லாட்டி சூரியத் தகடு. நிலக்கரி நின்னு போகல, எங்க ஊர்ல இன்னும் ராப்பகலா எரியுது. ஆனா புதுசு கட்டுறதுக்குக் கூப்பிடுறவன் குறைஞ்சு போயிட்டான். சில நாட்டுல நடுக்கடல்ல கொண்டு போயி நடுறாங்க, பாரு”ன்னு போன்ல காட்டுனாரு. கடலுக்கு மேல வரிசையா காத்தாடி மக்களே! கப்பல்ல கிரேன் நிக்குது! நான் பாத்துக்கிட்டே நின்னதுல அடுப்புல அவியல் அடிப்பிடிச்சுப் போச்சு.

இன்னொரு நாள் வேற ஒரு படம் காட்டுனாரு. ஏதோ வெளிநாட்டுல பழைய நிலக்கரி ஆலை. உயரமான புகைபோக்கி. வெடி வைக்காங்க, அடியில கொஞ்சம் புகை வருது, அம்புட்டும் அப்படியே சாய்ஞ்சு விழுது. சுத்தி நிக்கிற சனம் கை தட்டுது. நானும் அந்த ஊர்க்காரங்களைப் பாத்துச் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா இவரு சிரிக்கல.

“நல்லதுதான். அந்தப் புகை நல்லது இல்ல, எங்கப்பா நெஞ்சுக்குள்ள அதுதான் இருந்துச்சு”ன்னாரு. “ஆனா அதையும் என்ன மாதிரி ஒருத்தன் மேல உக்காந்து ஒவ்வொரு துண்டாத் தூக்கி வச்சிருப்பான். கை தட்டுறவங்களுக்கு அவன் பேரு தெரியாது.”

இன்னொரு கரண்டி சோறு வச்சேன். வேண்டாம்னு சொல்லல. முழுசா சாப்பிட்டாரு. அன்னைக்கு அவரு எந்திரிச்சுப் போகும்போது நான் சொன்னேன், “இங்க நீங்க நடுதது விழாது. நான் பாத்துக்கிடுதேன்.” கிறுக்குத்தனமா சொல்லிட்டேன். காத்தாடியை நான் எப்படிப் பாத்துக்கிடுவேன்? அவரு படியில நின்னு திரும்பி, “சரி, உங்க பொறுப்பு”ன்னாரு. அவரும் சிரிக்காமத்தான் சொன்னாரு.

ஒரு வெள்ளிக்கிழமை லில்லியைக் கூட்டிக்கிட்டு முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போனேன். வழக்கமாப் போறதுதான். கண்ணை மூடி, “தாயே, காத்தை மட்டும் நிப்பாட்டிராத, உனக்குப் பொங்கல் வைக்கேன்”னு வேண்டிட்டுக் கண்ணைத் திறந்தா, பக்கத்துல பிரவீன் சாரு! கையில தேங்கா, மாலை, எலுமிச்சம்பழம். சத்தமாவே வேண்டுதாரு. “அம்மா, மூணே மூணு நாள் காத்தை நிறுத்திக் குடு.” ஒரே சாமி. ஒரே நேரம். ரெண்டு பேரும் ஒண்ணுக்கொண்ணு எதிர்மனு போட்டுட்டு நிக்கோம். இசக்கி யாரு பக்கம் பாப்பா?

சாருக்குப் பின்னால அவரு நின்னாரு. வெளிய வரும்போது கேட்டேன், “நீங்களும் காத்து நிக்கணும்னுதான வேண்டுனீங்க?”

“நான் ஒண்ணும் வேண்டல”ன்னாரு. “எங்க சார் ஒண்ணு கேட்டாரு. அதுக்குக் குறுக்க நான் ஏதும் கேட்டுடக் கூடாதுன்னு சும்மா நின்னேன்.”

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அப்ப வெளங்கல. வாற வழி பூரா நான் சிரிச்சிக்கிட்டே வந்தேன்னு லில்லி சொல்லுதா. வெயிலு கண்ணுல அடிச்சா வாய் கோணத்தான செய்யும்.

அப்புறம் அபிஷா லீவுக்கு வந்தா. நாகர்கோயில்ல நர்சிங் படிச்சிக்கிட்டிருந்தா. வந்து பையை வைக்கல, “எம்மா, மாவாட்டுதப்ப பாட்டுப் படிக்கியே, என்ன விஷயம்?”னா. கிரைண்டர் சத்தம்டின்னேன். மத்தியானம் பந்தியில உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தா. எல்லாரும் போன பொறவு லில்லி கிட்ட கேக்கா, “அக்கா, அம்மா மத்த எல்லாரையும் அண்ணாச்சி, தம்பின்னு கூப்பிடுதா. அவரை மட்டும் ‘ஏங்க’ன்னு கூப்பிடுதா. எப்ப இருந்து?”

“ஆடி பொறந்ததுல இருந்து”ங்கா இந்தச் சண்டாளி.

எனக்கு அப்படி ஒரு கோவம். கையில இருந்த டம்ளரை நங்குன்னு வச்சேன். ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லியான்னு கத்துனேன். அபிஷா எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டா. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல. நாளைக்கு நான் வேலைக்குப் போயிருவேன், கல்யாணம்னு ஒண்ணு வந்தா அதுலயும் போயிருவேன். இந்த வீட்டுல நீ மட்டும்தான இருப்ப. அந்தக் கிரேன்கார மாமா போயிட்டா என்ன பண்ணுவ?”

புளியைக் கரைச்சேன். கரைச்சுக்கிட்டே இருந்தேன். புளி கரைஞ்சு வெகு நேரம் ஆச்சு, கை நிக்கல.

இந்த இடத்தை எழுதாத மக்களே. இது வேண்டாம்.

ஆவணி கடைசியில ஒரு நாள் காலம்பற கண்ணு முழிச்சா, காது அடைச்சுப் போன மாதிரி இருக்கு. என்னடா இதுன்னு எந்திரிச்சு உக்காந்தேன். சத்தமே இல்ல. தகரம் ஆடல. கதவு அடிக்கல. வெளிய வந்து பாத்தா வாழை இலை படம் பிடிச்சு வச்ச மாதிரி அப்படியே நிக்கி. தூரத்துல பிரவீன் சாரு குதிக்காரு, நெசமாவே குதிக்காரு. இசக்கி அவரு பக்கம் போயிட்டா.

நான் ரசம் வச்சேன். ரசம், அப்பளம். போதும்.

ஊரே வேடிக்கை பாக்கப் போயிருச்சு. நான் போகல. நான் எதுக்குப் போகணும்? மாடியில தண்ணித் தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்க ஏறினேன். மத்தியானம் வரைக்கும் பாத்தேன். அது பெரிய தொட்டி.

அங்கருந்து பாத்தா எல்லாம் தெரியும். வெள்ளை இறக்கை தரையில இருந்து கிளம்புது. ரெண்டு பக்கமும் ஆளுங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்காவ. அம்புட்டு பெரிய சாமான், மேல போகப்போக இறகு மாதிரி ஆகிப்போச்சு. கோபுர உச்சியில கொண்டு போயி, ஒரு குலுக்கல் இல்லாம, பொம்பளைப் பிள்ளை தலையில பூ வைக்கிற மாதிரி வச்சாரு மக்களே. ஒண்ணு. அப்புறம் ரெண்டாவது. மூணாவது ஏறும்போது தொட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு பக்கம், ஐயோ விழுந்திரக் கூடாதேன்னு நெஞ்சு அடிக்கி. இன்னொரு பக்கம், முடிஞ்சிரக் கூடாதேன்னு அடிக்கி. மூணும் மாட்டி முடிச்சதும் ஊரு கை தட்டுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நானும் தட்டியிருக்கேன் போல. உள்ளங்கை சிவந்திருந்துச்சு.

எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போயிட்டாவ. அவரு மட்டும் கடைசியா வந்தாரு. குளிச்சு, வேற சட்டை போட்டு வந்தாரு. உக்காந்தாரு. இலை போட்டேன், சோறு வச்சேன், ரசத்தை ஊத்துனேன்.

பாதியில கேட்டாரு, “இன்னைக்குப் பாயசம் இல்லையா?”

“காத்து நின்னா பாயசம் கிடையாது.”

வாய் தவறி வந்துட்டு. நெசமா வாய் தவறித்தான். அவரு கை அப்படியே நின்னு போச்சு. என்னை நிமிந்து பாத்தாரு. இத்தனை மாசமா வச்ச பாயசம் எல்லாத்தையும் எண்ணிப் பாக்காருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உள்ள அப்பளம் பொரியுற சத்தம்கூட நின்னு போச்சு, லில்லி அடுப்பை அணைச்சிட்டா.

நான் பேச்சை மாத்துனேன். “அடுத்து எந்த ஊரு?”

“குஜராத். கச்சுப் பக்கம்.”

“அங்க சாப்பாட்டுக்கு யாரு?”

இது ஒரு சாதாரண கேள்வி. ஊருக்குப் போற எந்த ஆளுகிட்டயும் கேக்கிறதுதான்.

“யாரும் இல்ல”ன்னாரு. “ரொட்டிதான்.” இலையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. காலையில இருந்து மூணு இறக்கையைத் தூக்கி வச்ச மனுஷன், இப்ப டம்ளரை அங்கிட்டும் இங்கிட்டும் நகத்துதாரு. “எம் பொண்டாட்டி போயி ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு யாருகிட்டயும் இப்படிக் கேட்டுப் பழக்கம் இல்ல. நீ வரியா, புஷ்பம்?”

“மெஸ்ஸை யாரு பாப்பா?”

நான் அதைத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லல. சரின்னு சொல்லல. அதுக்குள்ள உள்ள இருந்து லில்லி கத்துதா, “நான் பாத்துக்கிடுதேன், நீ போய்த் தொலை! இந்தச் சீசன் பூரா அடைப்பிரதமன் கிண்டி என் தோள்பட்டை போச்சு!”

அவரு சிரிச்சாரு பாரு. அம்புட்டு நாளும் அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. மேல் பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கிரேனைப் பிரிச்சு அடுக்கவே பல நாள் ஆச்சு. அதுக்குள்ள கல்யாணப் பேச்சு. எங்க அண்ணன் ஒரு மாசம் என்கூடப் பேசல. இந்த வயசுல என்ன கல்யாணம், மகளுக்குப் பாக்கிற வயசுன்னாரு. அபிஷா நேரா அவரு வீட்டுக்குப் போயி, “மாமா, எங்கம்மா தனியா இருக்கது உங்களுக்குச் சரின்னா, நீங்க வந்து தெனம் ராத்திரி துணைக்குப் படுத்துக்கிடுங்க”ன்னுட்டு வந்திருக்கா. அண்ணன் சீரோட வந்து நின்னாரு. முகத்தை மட்டும் தூக்கி வச்சிருந்தாரு, பந்தியில தீயல் சாப்பிட்டதும் அதுவும் இறங்கிப் போச்சு.

இப்ப வருஷத்துல பாதி அவரு வேலைக்குப் போற ஊரு, பாதி இங்க. கச்சுக்கும் போனேன். மண்ணு தெரியாம கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சூரியத் தகடு, பக்கத்துல காத்தாடி. நம்ம பொத்தையை மட்டும் பாத்துக்கிட்டு இருந்த எனக்குத் தலை சுத்திப் போச்சு. அந்தக் குஜராத்துக்காரங்களுக்குப் புளிக்குழம்பு பழக்கி விட்டுட்டுத்தான் வந்தேன். உலகம் மாறுதுன்னு நீ சொல்லுதியே, நான் கண்ணால பாத்தேன், எழுதிக்கோ.

ஏ, முக்கியமானதைச் சொல்லாம விட்டுட்டேன். கல்யாணத்தன்னைக்கு நடந்தது.

ஐப்பசியில கல்யாணம். அந்த வாரந்தான் புதுக் காத்தாடியை ஓட்டிப் பாக்கத் தயார் பண்ணிக்கிட்டிருந்தாவ. பிரவீன் சாரு, “அக்கா, கல்யாணப் பரிசா என்ன வேணும்?”னு கேட்டாரு. “மேல ஏறிப் பாக்கணும்”னேன். மனுஷன் ஆடிப் போயிட்டாரு. எங்கெங்கயோ போன் போட்டு அனுமதி வாங்கினாரு. பட்டுச்சேலையோட விடமாட்டாவளாம். தாலி கட்டி முடிஞ்ச கையோட, ஆரஞ்சுக் கலர் வேலைச் சட்டையும் பேண்டும் போட்டு, தலையில மல்லிகைப்பூ, அது மேல தொப்பி, இடுப்புல வாரு, நெஞ்சுல ஒரு வாக்கிடாக்கி. ஊரு சிரிச்சுக் கிடந்துச்சு. கோபுரத்துக்குள்ளயே குட்டி லிஃப்ட் இருக்கு. அவரும் நானும் ஏறினோம்.

மேல மூடியைத் திறந்து தலையை நீட்டுனேன். அம்மாடி! அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் கடலு, வெயில்ல பளபளன்னு கிடக்கு. ஊரு பூரா தீப்பெட்டி. மத்த கம்பெனிக் காத்தாடி எல்லாம் சோளக் கதிரு மாதிரி நிக்கி. கல்யாணக் கூட்டம் எறும்பாத் தெரியுது. அந்த நேரம் பாத்து, எங்கருந்தோ காத்து கிளம்பி வந்து முகத்துல அடிச்சுது பாரு, எனக்குச் சிரிப்பா வருது, அழுகையா வருது, ஒண்ணும் வெளங்கல. அவரு என் வாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு.

அப்ப நான் ஏதோ கத்துனேன்னு சொல்லுதாவ.

நான் கத்தல. மூச்சு விட்டேன். நெஞ்சுல இருந்த வாக்கிடாக்கியில ஏதோ பித்தான் அமுங்கிக் கிடந்துச்சாம். கீழ நின்ன கூட்டம், கிரேன்காரங்க, சப்ஸ்டேஷன்ல டூட்டி பாத்த ஆளு, எல்லாருக்கும் கேட்டுச்சாம். “ஏ கலியபெருமாளு, நீங்க எங்க போனாலும் நானும் வருவேன், விடமாட்டேன், விடவே மாட்டேன்”னு கத்துனேனாம். எங்க அண்ணன் வெக்கத்துல துண்டை எடுத்து முகத்துல போட்டுக்கிட்டாராம். அபிஷா விசிலடிச்சாளாம். எல்லாம் பொய்யி. இந்த லில்லி கிளப்பி விட்டது. தாலி கட்டுன அன்னைக்கே ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்லிக் கத்துவாளா? அதுவும் வாக்கிடாக்கியில?

நீ வேணும்னா அவருகிட்டயே கேளு, சந்தைக்குத்தான் போயிருக்காரு, இப்ப வந்திருவாரு. நான் கேட்டுப் பாத்தேன். “நான் என்ன சொன்னேன், நீங்க பக்கத்துலதான நின்னீங்க, சொல்லுங்க”ன்னேன். அதுக்கு அவரு, “காத்து சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல புஷ்பம், இன்னொரு தடவை சொல்லு”ங்காரு.

தெனமும் இதையேதான் கேக்காரு மக்களே.